திறக்க முடியாத ஊசிக் கார்டு

போன வியாழக்கிழமை எங்கள் பாடசாலையில் இருந்தவர்கள் — மிட்வைஃப் மிஸ், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. மாத்தையா, ஒரு ஐஸ் பெட்டி, ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகள் பதினொரு பேர், அவர்களுடைய வகுப்பாசிரியனாக நான். இல்லாதவர்கள் — அந்தப் பதினொரு பேரின் அம்மாமார். கொழுந்து கொட்டும் காலம். எல்லாரும் தேயிலை மலையில்.

வெயிலும் வரவில்லை. பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளை வரைக்கும் ஒரே மூடுபனி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு எங்களுக்கு வெயில் ரொம்பத் தேவைப்பட்டது...

விஷயம் இதுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் காக்கும் ஊசியை ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். இரண்டு தடவை. முதல் ஊசிக்கும் அடுத்ததற்கும் ஆறு மாத இடைவெளி வேண்டும். அன்றைக்கு இரண்டாவது ஊசி. பெற்றோரின் சம்மதக் கடிதம் பதினொன்றும் என் கையில். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து போட்ட ஊசிகளைக் குறிக்கும் கார்டும் பதினொன்று. வராத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு நாள் ஓர் ஆசிரியனுக்கு எத்தனை தடவை வாய்க்கும்? எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மிஸ் ஒவ்வொரு கார்டாக வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். தர்ஷிகாவின் முறை. அவள் நீட்டிய கார்டு பளபளவென்று இருந்தது.

மிஸ் புரட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"சேர், இதை எங்கே திறக்கிறது?"

திறக்க வழி இல்லை. மடித்த கார்டை மடித்தபடியே லேமினேட் செய்திருந்தார்கள். முன்பக்கம் தெரிகிறது, பின்பக்கம் தெரிகிறது. ஊசி போட்ட திகதிகள் எல்லாம் நடுப் பக்கத்தில். பத்திரமாக, யாரும் தொட முடியாத இடத்தில்.

"யார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்றார் மிஸ்.

பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் பாடசாலைப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்படி ஏறியவனுக்கு ஒரு வியாதி உண்டு — நாலு பேரைக் கண்டால் ஆலோசனை சொல்லத் தோன்றும். போன மழையில் மேல் லயத்துக் கூரைத் தகரம் பிரிந்து, பல வீடுகளில் பேப்பர்கள் நனைந்து கூழாகிவிட்டன. அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கினேன். "பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கார்டு, எதுவா இருந்தாலும் லேமினேட் பண்ணி வச்சிருங்க." கைதட்டல்கூட விழுந்தது. அது மடிக்கிற கார்டு, அதில் இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது என்பதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

என் பேச்சைக் கேட்டு லேமினேட் செய்தவை மொத்தம் நாலு கார்டு. மூன்று பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. முதல் ஊசியை எங்கள் பாடசாலையிலேயே போட்டதால் திகதி மிஸ்ஸின் புத்தகத்தில் இருந்தது. தர்ஷிகா இடையில் வந்தவள். தெமோதரைப் பக்கத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே மாறி வந்து நாலு மாதம். முதல் ஊசி அங்கே.

அந்தப் பக்கத்து மிட்வைஃபுக்கு மிஸ் போன் எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.

"எப்ப போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா மகள்?"

"மழை பெஞ்ச அன்னைக்கி மிஸ்."

"இங்க என்னைக்கிடி மழை பெய்யல?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது.

கார்டை ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். வெளிச்சம் போதவில்லை. போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தோம். எழுத்தின் மேல் எழுத்து விழுந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்ததே தவிர, மாதம் பிடிபடவில்லை.

"திகதி தெரியாம நான் போட ஏலாது சேர்," என்றார் மிஸ். "கடிதம் போட்டுக் கேக்கலாம். பதில் வர்றதுக்குள்ள வருசம் முடியும், பிள்ளை ஏழாம் தரத்துக்குப் போயிரும். இப்படித்தான் ஒவ்வொண்ணா விட்டுப் போகுது."

பி.எச்.ஐ. மாத்தையா மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் அடுத்த பாடசாலையில் இருக்க வேண்டும். அப்போது மணி பத்தேகால்.

மேசை லாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். தர்ஷிகா பாய்ந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மாட்ட கேக்காம வெட்டாதீங்க சேர். அம்மா அழும்."

ஏசும் என்று சொல்லியிருந்தால் வெட்டியிருப்பேன். அழும் என்றாள். என்ன செய்ய... ஓடினேன். ஆம், சப்பாத்தும் டையுமாக, தேயிலைக்கு நடுவே மேட்டில் ஓடினேன்.

"என்ன சேர், எங்க கூட வேலைக்குப் பேர் பதிய வந்தீங்களா?" என்று மேலேயிருந்து கங்காணி குரல் கொடுத்தார். நிரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தர்ஷிகாவின் அம்மா மகேஸ்வரி அக்கா.

"புள்ளைக்கு என்ன சேர்?"

"ஒன்னும் இல்லக்கா. கார்டத் திறக்கணும்."

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

விவரத்தைச் சொன்னேன். கங்காணியிடம் சொல்லிவிட்டு, அக்கா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என்னோடு இறங்கினார்.

பாதி வழியில் அவராகவே பேசினார். "எங்கக்காவுக்கு இந்த வியாதிதான் சேர். தெரிய வர்றப்ப முத்திப் போச்சு. பதுளை ஆஸ்பத்திரில நாந்தான் கூட இருந்தேன். கடைசி நாள் வரைக்கும்." சறுக்கும் இடத்தில் படங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இவளுக்கு இந்த ஊசி விட்டுப் போகக் கூடாது. ஆனா பேப்பர வெட்டச் சொல்லாதீங்க. எங்கப்பாவோட பிரஜாவுரிமைப் பேப்பர் ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு. செல்லாதுன்னு கச்சேரி ஆபீசுல திருப்பி அனுப்பிட்டாங்க. எத்தன தரம் நடந்தாருன்னு எங்களுக்குத்தான் தெரியும்."

நான் ஏதோ மூடநம்பிக்கையோடு மல்லுக்கட்டப் போவதாக நினைத்துக்கொண்டு மலையேறியிருந்தேன். இந்த ஊசி வேண்டும் என்று அந்தத் தோட்டத்திலேயே அதிகம் தவித்தவர் அவர்தான். தவித்ததால்தான் சந்திக் கடைக்குப் போய் லேமினேட் செய்திருக்கிறார்.

வகுப்புக்குள் வந்ததும் அக்கா மிஸ்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெட்டுனா செல்லுமா மிஸ்?"

மிஸ் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"செல்லும். ஓரத்து பிளாஸ்டிக்கை மட்டும்தான் வெட்டுறது, பேப்பர்ல படாது. இன்னைக்கி ஊசிய எழுதி, நான் சைன் வச்சுத் தாறேன். யாராவது செல்லாதுன்னு சொன்னா, என் ஆபீசுக்கு அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்."

அக்கா கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கத் தயங்கினேன்.

"குடுங்க சேர். தப்பாப் போனா என் கையால போகட்டும்."

அக்கா வெட்டத் தொடங்கினார். ஒரு பக்கம். இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம் வரும்போது அவருடைய கை நின்றது. தர்ஷிகா வந்து கார்டின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டும்மா," என்றாள். வெட்டினார்.

பசை வெளிப் பக்கத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. கார்டு ஒரு புத்தகம் மாதிரி விரிந்தது. உள்ளே ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. நேற்று எழுதியது போல நீல மை.

மிஸ் விரல் விட்டு எண்ணினார். நாங்களும் எண்ணினோம்.

ஆறு மாதமும் ஒன்பது நாளும்.

நம்புவீர்களா? ஓர் ஊசிக்காகப் பதினொரு பெண் பிள்ளைகள் கைதட்டியதை நான் பார்த்தேன். ஊசி குத்தும்போது தர்ஷிகா கண்ணை மூடினாள். அவளுடைய அம்மா மூடவில்லை — ஊசி இறங்கி வெளியே வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மிஸ் கார்டில் எழுதிக் கையெழுத்து வைத்ததையும் பார்த்தார். மை காயட்டும் என்று இரண்டு தரம் ஊதினார்.

அம்மாமாரிடம் ஆள் அனுப்பிக் கேட்டபின், மற்ற மூன்று கார்டுகளுக்கும் அன்றே ஆபரேஷன் நடந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க வண்டி புறப்பட்டது. யாரும் விட்டுப் போகவில்லை. ஒருவரும்.

அடுத்த நாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் இடம் அதுதானே... முழங்கிய வாயாலேயே மாற்றிச் சொன்னேன். ஊசிக் கார்டை லேமினேட் செய்ய வேண்டாம். திறந்து மூடக்கூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நடுப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுங்கள். தோட்டம் மாறினால், பாடசாலையில் சேர்க்கிற அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிடம் கார்டைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. "நாளைக்கி வந்து இதையும் மாத்துவீங்களா சேர்?" என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

நியாயம்தானே? பேப்பர் இல்லாமல் அலைக்கழிந்தவர்கள் பெற்ற பிள்ளைகள் நாங்கள். ஒரு பேப்பர் கையில் கிடைத்தால் அதைச் சாமி படம் மாதிரி வைத்துக்கொள்வோம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் ஆலோசனை சொல்லப் போனது என் பிழை. பிள்ளைக்கு வேண்டிய பேப்பர் பூட்டி வைக்கிற பேப்பர் இல்லை. பிள்ளை வளர வளர அதுவும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரகல சந்தியில் மகேஸ்வரி அக்காவைக் கண்டேன். கடையில் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் காசு கொடுக்கப் போனேன்.

"வேணாம் சேர். நீங்க குடுத்தா, அப்புறம் நீங்க சொல்றதையெல்லாம் கேக்கணும்."

ஊசி இலவசம். ஆக, அந்தக் குடும்பத்துக்கு வந்த செலவு — அக்கா இழந்த அரை நாள் சம்பளம், லேமினேட்டுக்கு நூற்றைம்பது ரூபாய், உறைக்கு அறுபது.