என்னிடம் மட்டும் கேட்ட கேள்வி

ஆட்சிக் கவிழ்ப்புக்கு மறு வருஷம், அசெசராக வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஃபிஜியில் எங்களுக்கு ஜூரி கிடையாது. பொதுமக்களில் சிலரை நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து வழக்கைக் கேட்கச் செய்வார்கள். முடிவில் குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் கருத்துச் சொல்லவேண்டும். அவர்கள்தான் அசெசர்கள். நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திய வம்சத்தவர்களான நாங்கள் கடைத்தெருவில் தலைகுனிந்து நடக்கப் பழகியிருந்த காலம் அது. நாடு என்னையும் ஒரு ஆளாக மதித்துவிட்டதென்று நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

கவிழ்ப்பை ஒட்டி இந்தியர்கள்மேல் பாய்ந்த கலவரத்தில் வுனிமோனோவில் ஒரு தமிழ்க் கடைக்காரரின் கடையை உடைத்து, அவர் கையையும் முறித்ததாக ஒரு காய்வித்தி இளைஞன்மேல் வழக்கு. மண்ணின் மக்களை நாங்கள் காய்வித்தி என்போம். அவனுடைய வக்கீல் எழுந்து, அடிபட்டவரும் இந்தியர், இந்த அம்மாளும் இந்தியர், இவரால் நடுநிலையாக இருக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, அவமானமாக நினைக்கவேண்டாம் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார். மிச்சமிருந்த மூன்று அசெசர்களும் காய்வித்திகள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்கு முடியும்வரை தினமும் போனேன்.

கடையை உடைக்க வந்தவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்களாம். குரலை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டதாகக் கடைக்காரர் சொன்னார். போலீசிடம் அவர் முதலில் சொன்ன பெயர் வேறொருவனுடையது என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தது. நான் அசெசராக இருந்திருந்தாலும் அவனை விடுதலை செய்யத்தான் சொல்லியிருப்பேன்.

மூவரும் அதையே சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண் சொல்லும்போது கடைக்காரரைப் பார்த்தாள், குரல் தடுமாறியது. நீதிபதி ஒப்புக்கொண்டார்.

வெளியே படியில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். நிமிராத கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் தமிழில் பேசினார்.

"நீ உள்ள குந்தியிருந்தா எனக்கு நாயம் கெடச்சிருக்கும்மா."

"நானும் அதேதான் சொல்லியிருப்பேன், அய்யா. நீங்க மொகத்த பாக்கலியே."

குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னயும் பயமுறுத்திட்டாங்களா?"

கடையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அவர் சிட்னியில் இருந்த மகளிடம் போய்விட்டார். அந்த இளைஞனை நௌசோரி பஸ் நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். அவனுடைய இனத்துக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் பக்கத்துத் தீர்ப்பு. இல்லை, அந்த மூவரும் நேர்மையாகத்தான் சொன்னார்கள் என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். நானும் அசெசராக உட்கார்ந்து அதையே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

பிறகு அதைப் பேசுவதை விட்டுவிட்டேன். அடுத்த கவிழ்ப்பு வருவதற்குள் நாங்களும் ஆக்லாந்துக்குக் கிளம்பிவிட்டோம்.