சர்தாரின் ரோஜாத் தட்டு

கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, தருமபுரி ஊர் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, எனாமல் தட்டு ஒன்றை மெல்ல இறக்குகிறார் சர்தார். உறி போலக் கயிறு கட்டிய வெள்ளைத் தட்டு. நடுவில் இரண்டு இலையோடு சிவப்பு ரோஜா. அது கலங்கலில் மறைகிற ஆழத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் போகிற யாரையும் கூப்பிடுவார். "வந்து பாருங்க, நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலைங்க!" பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கூடத் தப்ப முடியாது.

தட்டு அவர் மனைவி ஜான் பீக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. விருந்தாளிக்குக்கூட எடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளாம். இப்போது விளிம்பெல்லாம் சேறு.

கரையோரம் அவருக்குக் கோலி சோடாக் கடை. ஏரி நாறினால் கடைக் கிணறும் நாறும். அப்புறம் சோடாவை யார் குடிப்பார்கள்? எழுபத்துமூன்றாம் வருஷக் கோடையில் ஏரி பச்சைக் குழம்பாகிப் போனபோது மனிதர் துள்ளிக் குதித்துக் கிளம்பினார். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார், சிரிக்க வைத்தார், சோடா உடைத்துக் கொடுத்தார். ஏரியில் விழுந்த தெருச் சாக்கடை முழுவதையும் கோரை நட்ட பள்ளத்துக்குத் திருப்ப வைத்துவிட்டார். கடைசிவரை முரண்டு பிடித்தவர் டீக்கடை முனியப்பன். பள்ளம் அவர் கடைக்குப் பின்னால், கொசு அவருக்குத்தானே?

"ஆடி மழைக்குள்ள இடுப்பளவு தண்ணியில அந்த ரோசாப்பூவ எனக்குக் காட்டுங்க பாய். இல்லீன்னா என் சாக்கடை பழையபடி ஏரிக்குத்தான்."

ஒருவர் திருப்பினால் தெருவே திருப்பிவிடும். அது சர்தாருக்கும் தெரியும்.

நாற்றம் போனது. கலங்கல் மட்டும் போகவில்லை. சர்தாருக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் ஜிப்பா மேல்பை நிறையப் பொரி கொண்டுவந்து மீன்களுக்கு இறைப்பது அவர் வழக்கம். கொழுத்த கெண்டைகள் காலைச் சுற்றி மொய்க்கும். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வலையோடு வந்த பச்சியப்பன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோழி குப்பையக் கெளறுற மாதிரி இதுங்க சேத்தைக் கெளறுதுங்க. நீங்க பொரி போட்டு வளக்கறீங்க. தண்ணி எங்கிருந்து தெளியும்?"

இரண்டு நாள் சர்தார் தட்டை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவரே போய் வலை போடச் சொன்னார். கெண்டைகள் கூடை கூடையாகக் கரையேறிய அன்று கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். ஜான் பீ வைத்த மீன் குழம்பைத் தொடவும் இல்லை.

ஆடி நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை வத்தல்மலைமேல் மேகம் கறுத்துவிட்டது. ஜும்மா முடிந்து வந்த சர்தார் முனியப்பனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏரிக்குள் இறக்கினார். தட்டு இறங்கியது. முழங்கால் ஆழம் தாண்டி அடித்தரையைத் தொட்டது. வெள்ளை தெரிந்தது, ரோஜா தெரியவில்லை. சர்தார் காலை அசைக்காமல் நின்றார். கால்பட்ட சேறு மெதுவாக அடங்கியது.

முனியப்பன் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு நனைந்தது.

"எலைகூடத் தெரியுதுங்க பாய்," என்றார்.

கரையில் ஜான் பீ கைதட்டியே விட்டாள். சர்தாருக்குத் தலைகால் புரியவில்லை. வாய் காதுவரை சிரிக்க, கை தானாக ஜிப்பா மேல்பைக்குள் போய் ஒரு பிடி பொரியை அள்ளியது, இறைப்பதற்கு உயர்ந்தது. அப்படியே நின்றது.

பிறகு பாதியை முனியப்பன் கையில் கொட்டி, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.