நிமிர்த்தப்பட்ட தண்ணீர்

இன்று எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி.

பிளஸ் ஒன் சபூரா தண்ணீர் மூலக்கூறு செய்திருந்தாள். நடுவில் ஆக்சிஜன் பந்து, வளைந்த இரண்டு கம்பிகளின் நுனியில் ஹைட்ரஜன், தலைக்கு மேல் எலக்ட்ரான் ஜோடிகளாக இரண்டு பலூன்.

தலைமையாசிரியர் அதன் முன் வந்து நின்றார். "ஏட்டி, என்ன இது கோணலா நிக்கு? விருந்தாளி வருதாரு, நிமித்தி வை."

"பலூன் ரெண்டும் கீழ தள்ளுது சார். அதான் வளையுது."

"அப்போ பலூன எடு. பொறந்தநாளா கொண்டாடுதே?"

வேதியியல் ஆசிரியையான நான் வாய் திறப்பதற்குள் அவரே பலூன்களை உடைத்துக் கம்பியை நேராக்கிவிட்டார். சபூரா அழுதுகொண்டே போய்விட்டாள்.

விருந்தாளி அந்த மாடலோடு படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவரும் தலைமையாசிரியரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள்.

அந்தக் கோணல் இருந்தால்தான் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நீராகும். சார் நிமிர்த்திய தண்ணீர் ஆவியாகத்தான் திரியும், அருவியில் ஒரு சொட்டு விழாது. இப்போது கோணல் தண்ணீருக்குத்தான் தலையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். துவட்டிக்கொண்டு வந்ததும் யார் சொல்வது? நானா, நீங்களா?