கடலைக் காலால் அளந்தவர்

ஜெரார், நீங்கள் ஆட்டத்தில் ஏமாற்றினீர்கள். அச்சில் வருகிறதே என்றுதான் மரியாதையாக எழுதுகிறேன். நேரில் இந்த மரியாதையை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேர். மூலக்குளத்தில், கலைவாணி மேடம் வீட்டு மாடி ஹாலில், பொம்மைப் போர்க்கப்பல்களைத் தரையில் நிறுத்திச் சண்டை போடுகிறோம். உள்ளங்கை நீளக் கப்பல்கள். நாலு பேருக்குமே தலை நரைத்தாயிற்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ரொம்ப எளிது. சுடுவதற்கு முன், எதிரிக் கப்பல் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் டேப் வைப்போம். சொன்ன தூரத்தில் ஒரு சட்டைப் பொத்தானை வைப்போம் – குண்டு விழுந்த இடம் அதுதான். பொத்தான் கப்பல்மேல் உட்கார்ந்தால் அடி, கப்பல் மூழ்கியது. முன்னே பின்னே விழுந்தால் வெறும் தண்ணீர். சொல்வதற்கு முன்னால் கை, குச்சி, கயிறு எதை வைத்தும் அளக்கக் கூடாது. கண் மட்டும்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மூழ்கிய கப்பல், மூழ்கடித்தவருக்குச் சொந்தம்.

எங்களில் நல்ல குறி ஜலீல் பாய்க்குத்தான். துணிக்கடை வைத்திருக்கிறவர். போன வருஷம் ஒரு நாள் அவர் உங்கள் கப்பல்களை வரிசையாக அடித்தாரே... அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

“பாய் டைல்ஸை எண்றாரு மேடம். ஒரு டைல் ரெண்டடி. எண்ணிட்டுச் சொன்னா எவனுக்குத்தான் குறி தப்பும்?”

பாய் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் தன் கடையிலிருந்தே நீலப் பாப்ளின் கொண்டுவந்து, சுவருக்குச் சுவர் விரித்தார்.

“இப்ப எப்பிடி எண்றேன்னு பாருங்க முசே” என்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; ஜெராரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

டைல்ஸ் மறைந்தது. கடல் மாதிரியே இருந்தது வேறு. எல்லோருக்கும் திருப்தி. துணி விரித்த பிறகும் பாயின் குறி தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியம் – அதுவரை தண்ணீரையே சுட்டுக்கொண்டிருந்த ஜெராரின் குறி, அந்தத் துணி வந்த பிறகு கிடுகிடுவென்று திருந்திவிட்டது. எனக்கு உறுத்தியது அதுதான்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு. பாயிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கப்பல். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவரே மரத்தில் செதுக்கிய க்ரூஸர். புகைபோக்கிக்குப் பேனா மூடி, பீரங்கிக்குக் குண்டூசி. அது மூழ்கினால் ஜெரார் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். சுடும் முறை ஜெராருடையது.

மேடம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் கண்ணை க்ரூஸரை விட்டு எடுக்கவே இல்லை.

நான் குப்புறப் படுத்திருந்தேன். தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் தூரம் பிடிபடும். அன்றைக்கு அங்கிருந்து கப்பல் தெரியவில்லை. உங்கள் கால் தெரிந்தது, ஜெரார்.

நம் ஊரில் எந்த வீட்டுக்குள் செருப்போடு நுழைவார்கள்? எல்லோரும் வெறுங்கால். நீங்கள் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, துணியின் ஓரமாக மெதுவாக நடந்தீர்கள். கட்டைவிரல் துணியைத் தடவிக்கொண்டே போகிறது... நிற்கிறது. அழுத்துகிறது. பாப்ளினில் ஒரு கோடு பள்ளமாக விழுகிறது. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற இடுக்கு! மறுபடி நகர்கிறது. மறுபடி நிற்கிறது. உதடு பிரெஞ்சில் எண்ணுகிறது. அன்... தே... த்ருவா... மிச்சத் தூரத்துக்குப் பாதத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டீர்கள்.

நாங்கள் கண்ணுக்குத்தான் துணி விரித்தோம். காலை மறந்துவிட்டோம்.

“நில்லுய்யா முசே!” என்று கத்தினேன்.

அதற்குள் “எண்பத்தி ஏழு” என்று சொல்லிவிட்டீர்கள். மேடம் டேப் வைத்தார். பொத்தான் க்ரூஸரின் நடு முதுகில் உட்கார்ந்தது.

“காலாலே அளந்தாரு மேடம். நான் பாத்தேன்” என்றேன்.

“எதுனா ஒளறாத. நடக்கும்போது காலைக் கழட்டி ஜோபில வச்சிக்கணுமா?”

“சரி, அந்தச் சேர்ல காலைத் தூக்கி வச்சிக்கினு உக்காரு. மேடம் கப்பலை வேற எடத்துல வைப்பாங்க. அங்கருந்து சொல்லி அடி. அடிச்சிட்டா நான் உன் கால்லயே விழறேன். அதே கால்ல!”

“நான் என்னா ஸ்கூல் பையனா, பரீட்சை எழுத?”

“உக்காந்துதான் காட்டுங்களேன் முசே. ஒரு நிமிஷ வேலை” என்றார் மேடம்.

நீங்கள் உட்காரவில்லை. குனிந்து க்ரூஸரை எடுத்தீர்கள். சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டீர்கள். பையிலிருந்து கப்பலின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பாய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வுடுங்க சார், கப்பல்தானே...” என்றார். துணியை மடிக்கக் குனிந்தவர், மடிக்காமலே நிமிர்ந்தார். “என்னைத்தான் டைல்ஸை எண்றேன்னு சொன்னாரு.”

அவ்வளவுதான் பேசினார். போன ஞாயிறு ஆட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தால், “கடையில வேலை சார்” என்கிறார். அவர் கடைக்கு ஞாயிறு லீவு என்பது எனக்குத் தெரியாதா என்ன?

எங்கள் தெருவில் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று போர்டு வைத்தே தீர வேண்டும் என்று ஒருவர் சண்டை போட்டார். இன்றைக்கு அந்தப் போர்டுக்குக் கீழே அவர் கார்தான் நிற்கிறது. புதுச் சட்டம் வேண்டும் என்று முதலில் கத்துகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் ஓட்டை எங்கே விழும் என்று அவர் முன்னாடியே பார்த்து வைத்திருப்பார்.

பொம்மைக் கப்பலுக்கு இவ்வளவு கோபமா? ஆமாம், கோபம்தான். கப்பல்தான் பொம்மை. நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று பெயர் வாங்கிய பாய், பொம்மை இல்லை.

ஜெரார், எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் பேசாதீர்கள். எடுக்க மாட்டேன். பாய்மேல் பழி போட்டது அந்த ஹாலில், எங்கள் எல்லோர் முன்னாலும். பதிலும் அங்கேதான் வர வேண்டும். இந்த ஞாயிறு பாயை நான் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிவருவேன். நீங்கள் க்ரூஸரை எடுத்துக்கொண்டு வாருங்கள். டைல்ஸை எண்ணியது யார் என்று எல்லோர் காதிலும் விழ, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அன்றைக்கு மட்டும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம். மேடத்திடம் பேசிவிட்டேன்.