மணலுக்குள் போட்ட பாதை

ஒரு கையில் கமராவும் மறு கையில் மண்வெட்டியுமாக நடப்பவனைப் படம் பிடிக்கிறவர்களும் தங்கள் ஆள் என்று சொல்லமாட்டார்கள், பாதை வெட்டுகிறவர்களும் சொல்லமாட்டார்கள். பிடித்த வேலையைத் தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குப் புதிதாகவும் இராது, ஆறுதலாகவும் இராது. இருந்தாலும் கேளுங்கள்.

கொக்குப் படம்

நெல்லியடிப் பக்கத்து மண்டபங்களில் கலியாணம், சாமத்தியவீடு என்று படம் பிடித்துத்தான் என் சீவியம் போனது. வருடக்கணக்காக வெயிலையே காணாத பிழைப்பு. ஒருநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு ஒன்றில், மண்டபத்துக்குப் பின்னால் வெள்ளம் நின்ற வயலில் கூட்டமாகக் கொக்குகள் வந்து இறங்கின. ஒரு படம் எடுத்துவிட்டு வருவோம் என்று வெளியே போனவன், திரும்பி வந்தபோது ஆலாத்தி முடிந்து, ஆட்கள் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டார்கள். பிள்ளையின் தகப்பன் சத்தம் போடவில்லை. கமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். “தம்பி, மாமிமார் ஆலாத்தி எடுத்தது எங்கை? உந்தக் கொக்கையோ நான் அல்பத்திலை ஒட்டுறது?”

மேல்மாடியும் பின்பக்கமும்

இனி வானத்துக்குக் கீழேதான் வேலை என்று வீட்டில் சொன்னேன். மனைவி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை வைத்தாள். அடுத்த மாரிக்குள் நிலையான வேலை ஒன்று அமையவேண்டும், இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் மண்டபத்துக்கே திரும்பவேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

யாழ்ப்பாணத்தில் காடுகளைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போனேன். காட்டுப் பாதைகளைத் துப்புரவாக வைத்திருப்பேன், அங்கே காண்கிற பறவைகளையும் மரங்களையும் படம் பிடித்துத் தருவேன், இரண்டையும் ஒரே ஆள் செய்தால் உங்களுக்கும் நல்லதுதானே என்று விளக்கினேன். வாசலுக்குக் கிட்ட மேசை போட்டிருந்தவர் முழுவதையும் கேட்டார். என் கமராப் பையைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். “படமெண்டால் மேல்மாடிக்குப் போங்கோ. பாதையெண்டால் பின்பக்கத்தாலை வாங்கோ. ரெண்டும் எண்டால் வீட்டை போங்கோ.”

சோளகம்

கடைசியில் கிடைத்தது. வடமராட்சி கிழக்கில், லண்டனில் இருந்து திரும்பிய ஒருவர் கடற்கரையோரம் விருந்தினர் விடுதி நடத்துகிறார். அங்கே தங்க வருகிறவர்கள் சவுக்கங்காட்டுக்குள்ளாலும் மணல்மேடுகளுக்கு நடுவாலும் நடந்து, கடல்நீர் தேங்கி நிற்கிற களப்புக்குப் போய்ப் பறவை பார்க்கவேண்டும். அந்தப் பாதையைப் பராமரிப்பதும், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுப்பதும் என் வேலை. மாரி வரை பார்ப்போம், பாதை நிலைத்து நின்றால் வேலையும் நிரந்தரம் என்றார் முதலாளி. அன்று மோட்டார் சைக்கிளில் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சந்தோசம் சோளகக் காற்று எழும்பும் வரைதான். பின்னேரம் முழுவதும் நான் ஒதுக்கிய மணலைக் காற்று விடியமுன் பழைய இடத்திலேயே கொண்டுவந்து கொட்டிவிடும். காலையில் பாதை எங்கே என்று நானே தேடவேண்டும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழலாம்போல இருந்த நாட்கள் உண்டு. பக்கத்து மீன்வாடியில் கருவாடு காயப்போடுகிற மனோன்மணி அக்கா ஒருநாள் இடுப்பில் கை வைத்தபடி கனநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கடலை இறைக்கிறன் எண்டு வெளிக்கிட்ட விசரனை நான் காணேல்லை, தம்பி. அந்தக் குறை இண்டையோடை தீர்ந்துது.”

பொச்சுமட்டை

எங்கள் ஊரில் மணல் ஒழுங்கைக்குத் தேங்காய் உரித்த பொச்சுமட்டையைப் பரப்புவது வழக்கம். மேலே கொஞ்சம் மண் போட்டு மிதித்துவிட்டால் இறுகிவிடும். இது முதலே ஏன் புத்திக்கு வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். தேங்காய்க்குப் பேர்போன கொடிகாமத்தில் இருந்து மட்டை ஏற்றி வந்து, விடுதியின் பின்பக்கப் படலை வாசலில் தொடங்கி, தெருவைக் குறுக்கறுத்து, களப்பு வரைக்கும் கவிழ்த்து அடுக்கினேன். கை தோலுரிந்தது. பாதை அசையாமல் நின்றது. காற்று அடித்தாலும் மேல்மண்தான் பறந்தது.

அந்தக் கிழமை கனடாவில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. குதி உயர்ந்த செருப்போடு களப்பு வரை போய் வந்தார்கள், ஒருவருக்கும் கால் புதையவில்லை. படங்களும் நன்றாக விழுந்தன. எனக்கென்றால் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம். குடும்பத் தலைவர் பாதையில் நின்று குதித்துப் பார்த்தார். “இவ்வளவு இறுக்கமாப் போட்டிருக்கிறியள். பிறகேன் எங்களை நடக்க விட்டனீங்கள்? வாகனம் ஒண்டு விட்டிருக்கலாமே?”

சில்லுத் தடம்

மாரிக்குக் கொஞ்சம் முந்தி ஒரு காலை. தெருவில் இருந்து களப்புப் பக்கமாகப் பாதை முழுவதும் உழவு இயந்திரச் சில்லுத் தடம். தடத்தோடு நடந்தேன். நான் அதிகம் படம் பிடித்த பெரிய மணல்மேட்டில் பாதியைக் காணவில்லை. சவுக்கு மரங்கள் வேர் வெளியே தெரிய அந்தரத்தில் நின்றன. மணல் கள்ளமாக ஏற்றுகிறவர்கள் முன்பும் இருந்தார்கள்தான், ஆனால் மணலில் சில்லு தாழும் என்று பயந்து இவ்வளவு உள்ளே வந்ததில்லை. அவர்களுக்குப் படலை திறந்துவிட்டவன் நான். அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

பின்னால் இழுக்கிற பெட்டியில் மணலோடு ஒரு உழவு இயந்திரம் என்னைக் கடந்து போய் நின்றது. சாரதி இளம் பெடியன், மரியாதை தெரிந்தவன். எனக்குக் கேட்கவேண்டும் என்று இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுத்தான் கதைத்தான். “அண்ணை, நீங்கள்தானே மட்டை போட்டது? முந்தியெண்டால் பெட்டியோடை தாழ்ந்துபோவம். இப்ப காப்பெற் போட்ட தார் ரோட்டு மாதிரிப் போகுது. கோடி புண்ணியம் உங்களுக்கு.”

துலக்கமான படங்கள்

கள்ள மணலைப் பிடிக்க நான் கற்ற தொழிலாவது உதவட்டும் என்று, தடம், அறுந்த மேடு, பெட்டி எல்லாவற்றையும் படம் பிடித்து, கரையோரத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். மணலுக்குள் இருந்து எட்டிப் பார்த்த பொச்சுமட்டையில் அவருடைய விரல் நின்றது. “படம் நல்ல துலக்கம். சரி, அனுமதி இல்லாமல் இந்த ரோட்டை ஆர் போட்டது?”

சுத்தமான வேலை

மட்டை எல்லாவற்றையும் கிண்டி எடுக்கவேண்டும், எடுத்ததற்குப் படமும் காட்டவேண்டும் என்று முதலாளிக்கு உத்தரவு வந்தது. அவர் வேறு ஆளைத் தேடவில்லை. தோலுரிந்த அதே கையால் ஒவ்வொரு மட்டையாகக் கிண்டினேன். மனோன்மணி அக்கா அடுப்புக்கு ஒரு சாக்கு நிறையக் கொண்டுபோனார். மட்டை போனதும் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பாதை இல்லை, அதனால் வேலையும் இல்லை. மாரி தொடங்குமுன் மண்டபத்துக்குத் திரும்பவேண்டும். கடைசிப் படங்களை அனுப்பிவிட்டு நின்றபோது முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். “ஒரு மட்டையும் தெரியேல்லை, தடமும் தெரியேல்லை. வலு சுத்தம். நீர் வந்து செய்ததிலை இதுதான் திறமான வேலை.”

கமராவும் மண்வெட்டியும் ஒன்றாகத் தேவைப்படுகிற வேலை வேண்டும் என்று நான் கோயிலில் நேர்ந்த நேர்த்தி வீண்போகவில்லை, மட்டையைக் கிண்டிப் படமும் பிடித்த அந்த ஒரு நாள் வேலை எனக்குக் கிடைக்கத்தான் செய்தது.