இடம் வலமாக மாறிய ஐரோப்பா

பூகோள வகுப்பில் ஐரோப்பா படத்தை அவிழ்த்துத் தொங்கவிட்டதும் வார்னிஷும் கரப்பான் எச்சமும் கலந்த நெடி முதல் பெஞ்சுவரை வந்து அடிக்கும். ஆல்ப்ஸ் அடர்ந்த பழுப்பு, வடக்குச் சமவெளி பச்சை, ஆறுகள் நீலம்.

நாங்கள் ஏழாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்காரும் சரோஜா பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். "பள்ளிக்கூடத்திலேர்ந்து ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னியோட படிப்பு முடிஞ்சுது, அப்புறம் தறிதான்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தது வகுப்புக்கே தெரியும், டீச்சருக்கும் தெரியும். அதனால் வீட்டுப் பாடம் எதுவானாலும் பயந்து பயந்து செய்வாள்.

ஐரோப்பாவின் மலைகளையும் ஆறுகளையும் வரைந்து வரச் சொன்னபோது, வீட்டில் புடவை டிசைன் போடும் கட்டத்தாளை எடுத்து, ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்பேதியன் என்று ஒவ்வொரு மலையையும் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொண்டுவந்தாள். ஆனால் இடமும் வலமும் மாறியிருந்தன. அவர்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும், நெய்கிறவர் பார்ப்பது பின்பக்கம். எந்த உருவத்தையும் மாற்றிப் போடுவதே அவள் கைக்குப் பழகியிருந்தது.

"டான்யூப் மேற்கால ஓடுதாம்" என்றார் டீச்சர். "ஏம்மா, அந்த ஊர்ல சூரியனும் மேற்கதான் உதிக்குதா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஸ்பெயின் மேற்கே போயிற்று, யூரல் கிழக்கே வந்தது, எல்லாம் சரியாக இருந்தது. அது அவருக்குப் புரிந்துவிட்டதை நான் முகத்தில் பார்த்தேன். ஆனாலும் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

மறுநாள் சரோஜாவின் அப்பா வந்து கைகட்டி நின்றார். டீச்சர் திட்டவில்லை. "உங்க பொண்ணுக்கு எப்பேர்ப்பட்ட கை! இதைப் போய் இங்க வீணாக்கறீங்களே" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நானும் அதத்தாம்மா சொல்லிக்கினு இருக்கேன்."

"திருத்தி வரைஞ்சுக்கினு வரேன் டீச்சர்" என்றாள் சரோஜா.

"எதுக்கும்மா? தறிக்கு இப்டி இருந்தாத்தான் சரி" என்றார் டீச்சர்.

அப்பாவே அவள் பையை எடுத்துக்கொண்டார். அவர்கள் வாசலைத் தாண்டுமுன் டீச்சர் ரைன் நதியைத் தொடங்கிவிட்டார்.

வகுப்பில் தொங்கிய அந்தப் படத்திலிருந்த சில நாடுகள் இன்று இல்லை. பள்ளி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. சென்ற மாதம் அங்கே பந்தியில் சரோஜா என் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில், ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்பேதியன் எல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "இன்னாமா அது, புது டிசைனா? நான் நெய்ஞ்சதில்லியே" என்றாள்.