ஏழாவது பொட்டலம்

திருநள்ளாறு, சனிக்கிழமை காலை. என் சனி தோஷம் கழிய எள்சாதம் தானம் கொடுக்கச் சொல்லி அம்மா அனுப்பியிருக்கிறார். குளத்தருகே சுவரோரம் உட்கார்ந்திருப்பவரிடம் பொட்டலத்தை நீட்டுகிறேன்.

"இது ஏழாவது. பரவால்ல, வைங்க தம்பி."

லாட்ஜில் ரூம் பாயாக இருந்தாராம், தங்கலும் அங்கேயே. லாட்ஜ் கைமாறியதும் வேலையும் கூரையும் ஒரே நாளில் போய்விட்டன.

"வாடகைக்கு வீடு பாக்கலியாண்ணே?"

"அட்வான்ஸ்கூட வச்சிருக்கேன். சனி தானம் வாங்குறவனுக்கு யாரு வீடு தருவா? ஊருப்பட்ட சனியும் என்கிட்டல்ல இருக்கு." சிரிக்கிறார்.

வீட்டில் முதலில் படித்தவன் நான்; அப்படியிருந்தும் என் சனியையும் இப்போதுதான் இவர்மேல் இறக்கிவைத்திருக்கிறேன்.

"காரைக்கால்ல உங்களை யாருக்கும் தெரியாதுல்ல? வாங்கண்ணே, வீடு கேப்போம்."

வேட்டியை உதறி எழுகிறார்.

"நீங்க கேளுங்க தம்பி. நான் தெருமுனையிலயே நிக்கிறேன்."